கிருஷ்ணகிரி பழையபேட்டை மெக்கானிக் கடை ரிவ்யூ: காலையில ஸ்டார்ட் ஆகாத கார்புரேட்டர் வண்டிங்களுக்கு

பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்புரேட்டர் இருக்குற பழைய பைக் வச்சிருக்கவங்க, அதுலயும் காலையில கிக்கர உதைச்சு உதைச்சு முட்டி வலி வந்தவங்க இத கொஞ்சம் பொறுமையா படிங்க. கிருஷ்ணகிரி பழையபேட்டையில ஒரு சின்ன மெக்கானிக் கடை இருக்கு, தகர ஷெட்டு, உள்ள ரெண்டு வண்டி நின்னா மூணாவது வண்டி ரோட்டோரமாதான் நிக்கணும், போர்டுல பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போயி பேரே சரியா தெரியாது. ஸ்டார்ட்டிங் ட்ரபிளுக்கு நான் இதுவரைக்கும் பார்த்த கடைங்கள்லயே இதுதான் பெஸ்ட்டுன்னு அடிச்சு சொல்வேன். ஏன்னா அந்த அண்ணன் ஸ்பேர மாத்துறதுக்கு முன்னாடி கோளாறு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறாரு, கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அத செய்யுற கடை இப்ப ரொம்ப கம்மிங்க.

எங்க வண்டி அப்பாவோட ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 2003 மாடல். ஊரு ராயக்கோட்டை தாண்டி உள்ள தள்ளி இருக்கு, காலையில பால் சொசைட்டிக்கு கேன் எடுத்துட்டு போகணும், மார்கழி தை மாசத்துல அந்த பக்கம் குளிரு எப்படி இருக்கும்னு ஓசூர் தளி தேன்கனிக்கோட்டை ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேணாம். சோக் (குளிர்ல காத்த அடைச்சு பெட்ரோல கூட்டுற லீவர்) போட்டு உதைச்சா ஒண்ணுமே ஆகாது, இன்னும் உதைச்சா பெட்ரோல் வாடை வரும், அப்புறம் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஸ்டார்ட் ஆனப்புறம் சோக்க எடுத்தா ஆஃப் ஆகிடும், எடுக்கலன்னா கருப்பா புகை வரும். ஒரு தடவ நல்லா சூடாயிட்டா அப்புறம் நாளெல்லாம் ஓரளவுக்கு ஓடும், கையில பாதி வேலைய வச்சுகிட்டு அது ஏன்னு யாரு யோசிக்கிறது.

இதுக்கு முன்னாடி காட்டுன கடைங்க பேரு எதையும் நான் சொல்லப்போறது இல்ல. ஒரு கடையில பிளக்க மாத்தி 'சரியாயிடுச்சு போங்க'ன்னாங்க. இன்னொரு கடையில கார்புரேட்டர் தேஞ்சு போச்சுன்னு சொல்லி புதுசு ஒண்ணு போட்டாங்க, அது போட்டப்புறம் முன்ன விட மோசம். அடுத்த கடையில கிக்கர ஒரு தடவ கையால அமுக்கி பாத்துட்டு 'கம்ப்ரஷனே இல்ல, போர் போயிடுச்சு, எஞ்சின இறக்கணும்'னு, அதாவது சிலிண்டர் தேஞ்சு உள்ள அழுத்தமே வரலன்னு சொல்லிட்டாங்க. அப்பா முகமே வாடிப்போச்சு, ஏன்னா அது அவரு முத முதல்ல சொந்தமா வாங்குன வண்டி. அப்பதான் எங்க சொசைட்டியில டெஸ்ட்டர் வேலை பாக்குற மாமா ஒருத்தரு இந்த பழையபேட்டை கடைய சொன்னாரு.

போனதும் அந்த அண்ணன் வண்டிய தொடவே இல்ல. முதல்ல கேள்விதான். 'காலையில மட்டும் ஸ்டார்ட் ஆகலயா, இல்ல ஓடி நிறுத்தி கால் மணி நேரம் கழிச்சு எடுத்தாலும் ஆகலயா சாமி?' இந்த ஒரு கேள்விய அதுக்கு முன்னாடி எந்த கடையிலயும் கேக்கல. ஆனா பாதி விஷயம் இதுலயே இருக்குன்னு அவரு சொன்னப்புறம்தான் எனக்கு புரிஞ்சுது. குளிர்ல மட்டும் அடம் பிடிச்சா பெட்ரோல் கலவை பத்தலன்னு அர்த்தம், அதாவது சோக் தகடு முழுசா மூடல, பைலட் ஜெட்டுங்குற சின்ன பெட்ரோல் ஓட்டை அடைச்சிருக்கு, எங்கயோ வெளிக்காத்து இழுக்குது, இந்த மாதிரி. சூடானப்புறம் மட்டும் அடம் பிடிச்சா ஸ்பார்க் குடுக்குற ஹெச்டி காயில், பிக்கப் காயில் சூட்டுல கட் ஆகுறது, இல்லன்னா கார்புரேட்டர் கப்புல பெட்ரோல் அளவ பாத்துக்குற ப்ளோட் பொங்கி ஓவர் ஆகுறது. ரெண்டுலயும் அடம்னா ஸ்பார்க், கம்ப்ரஷன் பக்கம் பாக்கணும். எங்க வண்டி குளிர்லதான் முழு அடம், சூட்டுல கொஞ்சம் முக்கும், அதனால ஒண்ணுக்கு மேல கோளாறு இருக்கும்னு அவரு அப்பவே சொல்லிட்டாரு.

அடுத்து அவரு சொன்னது எனக்கு முதல்ல பிடிக்கல, வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டு போன்னாரு. 'நீ அங்க இருந்து ஓட்டிட்டு வந்திருக்க, எஞ்சின் சூடா இருக்கு, விடிகாலை வர்ற நோவு மத்தியானம் டாக்டருகிட்ட போனா தெரியாது, காலையில ஆறரைக்கு வா, உன் முன்னாடியே உதைச்சு பாக்கலாம்.' பஸ் புடிச்சு வீட்டுக்கு போயி திரும்ப விடிகாலையில வர்றது கஷ்டம்தான், ஆனா யோசிச்சு பாருங்க, கோல்ட் ஸ்டார்ட் கம்ப்ளெயிண்ட்ட சூடான எஞ்சின்ல பாத்து யாரால என்ன சொல்ல முடியும்? முன்னாடி போன கடைங்கள்ல எல்லாம் நடந்தது அதுதான், சூடான வண்டிய பாத்துட்டு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி அனுப்பிட்டாங்க.

காலையில போனேன். டேங்க் மூடிய திறந்து வச்சாரு, கார்புரேட்டர் அடியில இருக்குற டிரெயின் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ஒரு பாட்டில் மூடியில பெட்ரோல புடிச்சாரு. டேங்க் மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்தா டேங்க்குக்குள்ள காத்து போகாம பெட்ரோல் இறங்காது, அதுக்குதான் மூடிய திறந்தும் மூடியும் ரெண்டு தடவ பாத்தாரு. பெட்ரோல் நல்லாதான் இறங்குச்சு, ஆனா புடிச்ச பாட்டில் மூடி அடியில துரு மாதிரி பொடியும் தண்ணி முத்து ரெண்டும் இருந்துச்சு. அப்புறம் சோக் போட்டு கொஞ்சம் உதைச்சுட்டு பிளக்க கழட்டி காட்டுனாரு. பிளக் காய்ஞ்சு இருந்தா பெட்ரோல் வரல, நனைஞ்சு இருந்தா பெட்ரோல் வருது ஆனா எரியல. எங்களுது நனைஞ்சு இருந்துச்சு. அத தொடச்சு, ஒயர் நுனியில இருக்குற பிளக் கேப்புல மாட்டி, பிளக்கோட இரும்ப எஞ்சின் ஹெட்டுல ஒட்டி வச்சு உதைக்க சொன்னாரு, ஸ்பார்க் வந்துச்சு ஆனா மஞ்சளா மெலிசா வந்துச்சு. நல்ல ஸ்பார்க் நீலமா 'டக் டக்'னு சத்தத்தோட வரணுமாம்.

இங்க வேற எந்த மெக்கானிக்கா இருந்தாலும் 'சிடிஐ (ஸ்பார்க் நேரத்த பாத்துக்குற பெட்டி) போச்சு, காயில் போச்சு'ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. இவரு பிளக் கேப்ப திருகி கழட்டி மீட்டர் வச்சு பாத்தாரு. அந்த கேப்புக்குள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கு, பெரும்பாலும் 5 கிலோ ஓம், எங்களுது அதுக்கு பல மடங்கு காட்டுச்சு. ஒயர் நுனிய கொஞ்சூண்டு வெட்டி விட்டு, செம்பு கம்பி பச்சை புடிச்ச பாகம் போனப்புறம், புது கேப் திருகுனாரு, பிளக் முனை இடைவெளிய 0.6 மில்லிமீட்டருக்கு பீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுங்க) வச்சு செட் பண்ணாரு, ஸ்பார்க் நீலமாயிடுச்சு. புது பிளக் போட்டு அனுப்புன கடையில இந்த கேப்ப யாரும் கழட்டி கூட பாக்கல. இன்னொண்ணும் சொன்னாரு, பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிங்கள்ல ஸ்பார்க்குக்கு கரண்ட் பேட்டரியில இருந்து வர்றது இல்ல, எஞ்சினோட சேந்து சுத்துற மேக்னட்ல இருந்து வருது, அதனால நீ எவ்வளவு வேகமா உதைக்கிறியோ அவ்வளவுக்கு ஸ்பார்க். அரைகுறையா நாலு உதை உதைக்கிறத விட, கிக்கர மெதுவா அமுக்கி கம்ப்ரஷன் கெட்டியா வர்ற இடத்துல நிறுத்தி, மேல தூக்கிட்டு முழுசா ஒரு உதை. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, முழு உதை வராது, அதான் அவரு கையில இன்னும் மோசமா இருந்திருக்கு.

இனிமேதான் முக்கியமான விஷயம். போர் போச்சுன்னு சொன்னாங்கன்னு நான் சொன்னதும் அவரு கம்ப்ரஷன் கேஜ் எடுத்தாரு. பிளக் ஓட்டையில அத திருகி, என்னை ஆக்சிலேட்டர முழுசா முறுக்கி புடிக்க சொல்லிட்டு உதைச்சாரு. முறுக்காம பாத்தா காத்து உள்ள போகாது, நல்ல எஞ்சினே கம்மியாதான் காட்டும், அத பாத்து பயந்து எஞ்சின் இறக்குனவங்க நிறைய பேரு. எங்களுது முறுக்கி பாத்தும் கம்மிதான். அப்ப எனக்கு வயித்த கலக்குச்சு. அவரு ஒண்ணும் பேசாம ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில பிளக் ஓட்டை வழியா ஊத்தி, நாலு சுத்து சுத்த விட்டு, திரும்ப கேஜ் வச்சு பாத்தாரு. பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா இந்த ஆயில் இடுக்க அடைச்சு முள்ளு மேல ஏறும். வால்வுல லீக்குன்னா ஆயில் அங்க நிக்காது, முள்ளு ஏறாது. எங்க வண்டியில முள்ளு இருந்த இடத்துலயே நின்னுச்சு. 'போர் எல்லாம் நல்லா இருக்கு சாமி, உன் வண்டி ஆயில் குடிக்குதா, நீல புகை வருதா? இல்லல்ல. டேப்பெட்ட பாக்கலாம்.' வால்வ திறக்குற இடத்துல இடைவெளி வைக்கிற ஸ்க்ரூதான் டேப்பெட்.

மேல இருக்குற ரெண்டு டேப்பெட் மூடியையும் கழட்டி, பிஸ்டன் உச்சியில நிக்குறத காட்டுற மேக்னட் டி மார்க்க கோட்டுக்கு நேரா கொண்டு வந்து, பீலர் கேஜ விட்டு பாத்தாரு. இன்லெட் பக்கம் டைட்டா போச்சு. எக்ஸாஸ்ட் பக்கம் கேஜ்ல இருக்குறதுலயே மெல்லிசான தாளு கூட போகல. அதாவது வால்வு முழுசா மூடவே இல்ல, எப்பவும் ஒரு முடி அளவு திறந்தே நின்னுருக்கு. காரணம் என்னன்னா போன வருஷம் டேப்பெட் சத்தம் வருதுன்னு ஒரு கடையில காட்டுனோம், சத்தமே இல்லாம பண்ணி குடுத்தாங்க, நாங்களும் சந்தோஷமா வந்தோம். சத்தம் அடங்குற வரைக்கும் டைட் பண்ணி விட்டுருக்காங்க. டேப்பெட் லேசா 'டிக் டிக்'னு பேசணும், அது பேசலன்னாதான் பயப்படணும்னு இவரு சொல்றாரு. எஞ்சின் வேகமா ஓடும்போது இந்த லீக் பெருசா தெரியாது, காத்து தப்பிக்க நேரம் இருக்காது, ஆனா கிக்கர்ல சுத்துற மெதுவான வேகத்துல அழுத்தம் முழுக்க கசிஞ்சுடும். ஓட்டும்போது ஓடி, ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அடம் பிடிச்சதுக்கு பெரிய காரணம் இதுதான். இப்படியே ஓட்டி இருந்தா எக்ஸாஸ்ட் வால்வு நுனி எரிஞ்சு, ஹெட்ட இறக்கி வால்வு மாத்துற வரைக்கும் போயிருக்கும். எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போதுதான் இந்த இடைவெளிய அளக்கணும், சூட்டுல இரும்பு விரியும், அளவு பொய் சொல்லும், ராத்திரி வண்டிய விட சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். செட் பண்ணிட்டு திரும்ப கேஜ் வச்சாரு, முள்ளு நல்லா மேல போச்சு. எஞ்சின இறக்கணும்னு சொன்ன வேலை ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வச்சு முடிஞ்சுது.

கார்புரேட்டர அவரு கடைசியாதான் தொட்டாரு. இது எனக்கு ரொம்ப பிடிச்சது. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னதும் எல்லாரும் முதல்ல போற இடமே கார்புரேட்டர்தான், ஆனா ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரியில்லாம கார்புரேட்டர எவ்வளவு ட்யூன் பண்ணாலும் அது நிக்காதுன்னு சொல்றாரு. புதுசா போட்டுருந்த கார்புரேட்டர பாத்ததும் கையில வாங்கி ஒரு சுத்து திருப்பி பாத்துட்டு 'பழசு எங்க?'ன்னாரு. அப்பா எதையும் தூக்கி போட மாட்டாரு, பழச ஒரு கவர்ல சுத்தி வச்சிருந்தாரு, நல்ல வேளை நான் கையோட எடுத்துட்டு போயிருந்தேன். ஒரிஜினல் பாடிய எக்காரணம் கொண்டும் தூக்கி போடாதீங்க, டூப்ளிகேட்ல ஜெட் மேல நம்பர் போட்டுருப்பான், ஓட்டை அந்த அளவுல இருக்காது. பழச முழுசா பிரிச்சு பைலட் ஜெட்ட வெளிச்சத்துல புடிச்சு காட்டுனாரு, அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஓட்டை, அதுல பாதி மஞ்சளா பிசின் மாதிரி அடைச்சிருந்துச்சு. ஐடிலிங்கும் ஸ்டார்ட்டிங்கும் இந்த ஓட்டைய நம்பிதான் இருக்கு. கம்பி விட்டு குத்துறத அவரு ஒத்துக்கவே மாட்டேங்குறாரு, பித்தளை மெதுவானது, ஸ்டீல் கம்பி குத்துனா ஓட்டை பெருசாகி அப்புறம் எந்த செட்டிங்கும் நிக்காது. கிளீனர்ல ஊற வச்சு காத்து அடிச்சுதான் எடுத்தாரு. ப்ளோட் நீடில் நுனியில வளையமா தேஞ்சிருந்துச்சு, அத மாத்துனாரு. கார்புரேட்டருக்கும் இன்சுலேட்டருக்கும் நடுவுல இருக்குற ஓரிங் தட்டையாகி குச்சி மாதிரி கெட்டியாயிருந்துச்சு, அது வழியாதான் வெளிக்காத்து இழுத்து சோக்க எடுத்தா ஆஃப் ஆயிருக்கு. மாட்டி முடிச்சு ஐடிலிங்ல விட்டு ஜாயிண்ட்ட சுத்தி லேசா ஆயில் சொட்டு விட்டு பாத்தாரு, லீக் இருந்தா ஆயில இழுக்கும், எஞ்சின் சத்தம் மாறும். மாறல.

கார்புரேட்டர்ல கலவைய கூட்டி குறைக்குற ஏர் ஸ்க்ரூவ எஞ்சின் நல்லா சூடானப்புறம் செட் பண்ணாரு, அதுக்கு முன்னாடி 'எந்த ஊரு?'ன்னு கேட்டாரு. ஓசூர் தளி பக்கம் எல்லாம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி டவுன் அத விட நல்லா கீழ, மேல போக போக காத்து மெலியும், கலவைல பெட்ரோல் கூடும், கீழ செட் பண்ணது மேல கொஞ்சம் மாறும், அதனால எந்த ஊருல ஓடுற வண்டின்னு தெரிஞ்சாதான் சரியா வைக்க முடியும்னாரு. ஏர் ஃபில்டர தட்டுனா ஒரு கை மண்ணு, கிரானைட் லாரிங்க ஓடுற ரோட்டு தூசி, சொல்லவே வேணாம்.

பெட்ரோல் பத்தி அவரு சொன்னத எல்லாரும் கேட்டுக்கோங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், ரொம்ப நாள் நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு அடியில தங்கும், பழைய ரப்பர் ஓரிங்க எல்லாம் ஊதி கெட்டியாகும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற வண்டிங்களுக்குதான் இதுக்கு தாங்குற மாதிரி ரப்பர் பொருள் போடுறாங்க, நம்ம வண்டிங்க எல்லாம் அதுக்கு ரொம்ப முன்னாடி வந்தது. ஒரு வாரத்துக்கு மேல வண்டிய எடுக்க மாட்டீங்கன்னா டேங்க் அடியில இருக்குற 'காக்'குங்குற பெட்ரோல் குழாய ஆஃப் பண்ணிட்டு, கார்புரேட்டர்ல இருக்குறது தீர்ந்து தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க. கப்புல தேங்கி நிக்குற பெட்ரோல் ஆவியாகி மிச்சம் இருக்குற பிசின்தான் பைலட் ஜெட்ட அடைக்குது. டேங்க்ல துரு இருக்குறவங்க காக்ல இருக்குற வலை ஃபில்டர மறக்காம கழுவ சொல்லுங்க, எங்களுதையும் கழுவுனாரு.

காசு விஷயம். லேபரா 450 ரூபா வாங்குனாரு, பிளக் கேப், நீடில், ஓரிங், இதுங்க விலை தனி, எல்லாம் சேத்து ஆயிரத்த தொடல. மாத்துன பழைய பொருள் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வச்சு கையில குடுத்தாரு, எது எதுக்குன்னு சொல்லி. புது பிளக் வேணுமான்னு நானே கேட்டேன், இருக்குறதே நல்லா இருக்கு எதுக்குன்னுட்டாரு. இப்ப எங்க ஊரு குளிர்ல சோக் போட்டு ஒண்ணு ரெண்டு உதையில எடுக்குது, அரை நிமிஷத்துல சோக்க எடுத்தாலும் நிக்குது, அப்பாவே உதைச்சு எடுத்துட்டு போறாரு, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

குறைன்னு பாத்தா, வேலை ரொம்ப ஸ்லோ. ஒரு வண்டிய எடுத்தா முடிக்குற வரைக்கும் அடுத்தத தொட மாட்டாரு, அவசரமா வர்றவங்களுக்கு சரிப்படாது. போன் எடுக்கவே மாட்டாரு, நேருல போயிதான் ஆகணும். பில்லு கிடையாது. உக்கார ஒரே ஒரு ஸ்டூலு, அதுலயும் டூல் பாக்ஸ்தான் உக்காந்திருக்கும், வெயில் நேரத்துல பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க எதிர்ல இருக்குற டீக்கடையில உக்கார வச்சுடுங்க. பசங்க யாரும் வேலைக்கு இல்ல, தனி ஆளு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்தப்புறம் வந்த புது வண்டி எல்லாம் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீய்ச்சுற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அத கத்துக்குற பசங்க கார்புரேட்டர் பக்கம் வர்றது இல்லன்னு அவரே வருத்தப்பட்டாரு. இந்த கைவேலை தெரிஞ்சவங்க இன்னும் கொஞ்ச வருஷத்துல எத்தனை பேரு இருப்பாங்கன்னு எனக்கும் கவலையாதான் இருக்கு, இவ்வளவு லட்சம் ஸ்ப்ளெண்டரும் எக்ஸெல்லும் விக்டரும் இன்னும் நம்ம கிராமத்துல ஓடிகிட்டு இருக்கே.

எஃப்ஐ வண்டி கொண்டு போகாதீங்க, பாக்க மாட்டாரு. பழைய டிவிஎஸ் சுசுகி மேக்ஸ், ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் எல்லாம் பாக்குறாரு, நான் போன அன்னைக்கே ஒரு மேக்ஸ் 100 நின்னுச்சு. அமாவாசை அன்னைக்கு கடை லீவு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். ஸ்டார்ட்டிங் ட்ரபிள்னா முந்தின நாள் சாயங்காலமே வண்டிய கொண்டு போயி விட்டுடுங்க, டேங்க்ல அரை லிட்டராவது பெட்ரோல் இருக்கட்டும், பழைய கார்புரேட்டர் வீட்டுல இருந்தா அதையும் மறக்காம எடுத்துட்டு போங்க. வழி கேக்குறவங்க பழையபேட்டைக்குள்ள வந்து 'கார்புரேட்டர் வேலை பாக்குற கடை'ன்னு யாரகிட்ட வேணா கேளுங்க, காட்டுவாங்க.